பூ கட்டிக் கேட்ட ஓட்டு

எங்கப்பா முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளி. சங்கக்கொடி பறந்த வீட்டில் வளர்ந்தவள் நான். போன தேர்தலில் அப்பாவுடைய கட்சியை எதிர்த்து என் கொழுந்தனாரே நின்றார்.

"அண்ணி, உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று காலைத் தொட்டுக் கேட்டார்.

ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் கொழுந்தனாருக்கு, சிவப்பு வந்தால் அப்பா கட்சிக்கு. வெள்ளை வந்தது. பொட்டலத்தைச் சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடியும் போட்டேன். அதுவும் வெள்ளைதான். மூன்றாவது தடவை போடப் போனபோது, விஷயம் தெரிந்த பூசாரி சிரித்துவிட்டார்.

"ஏம்மா, சிவப்பு வர்ற வரைக்கும் ஆத்தாளை விடமாட்ட போலருக்கே!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓட்டுப்போடும் இடத்தில் கை தானாக அப்பா சின்னத்துக்கே போனது.

கொழுந்தனார் ஜெயித்துவிட்டார். ஆத்தா சொன்ன சொல் தவறவில்லை. என் கைதான் அப்பா பேச்சைக் கேட்டது.