சிலுவைக் காற்று

பிளஸ் டூ முடித்து, விமானி ஆகப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் கொஞ்சம் நிதானமாக யோசித்திருப்பேன். மதுரை தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பா மறுநாளே அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சரான அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சபைக்கே சொல்லிவிட்டாள். திருநகரில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தாழப் பறந்து ஏர்போர்ட்டுக்குப் போகும் விமானங்களை அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காத அப்பா, அன்றிலிருந்து ஒன்றையும் விடுவதில்லை. "டயர இறக்கிட்டான் பாரு" என்று எனக்கே பாடம் நடத்துவார்.

பயிற்சிப் பள்ளி பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்தது. பொட்டல் வெளியில் ஒரு பழைய ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, சில சின்ன விமானங்கள். ஒன்றரை வருடத்தில் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்றார்கள். சேர்ந்த பிறகுதான் நிலவரம் புரிந்தது. காலையில் பனிமூட்டம். பனி விலகினால் விமானம் காலியாக இருக்காது. விமானம் காலியானால் பயிற்றுநர் சாப்பிடப் போயிருப்பார். எல்லாம் கூடி வந்த நாளில் காற்று அடிக்கும். சில சமயம் ஏதோ ஒரு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று எங்களை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

ஊருக்கு வந்தால் சபையில் மாட்டிக்கொள்வேன்.

"என்னம்மா, பிளேன் ஓட்டுறியா?" என்பார் அம்மாவின் தோழி. பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துபவர். கணீரென்ற குரல்.

"ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன் ஆன்ட்டி. பக்கத்துல சார் இருப்பாரு."

"அப்ப அவருதான ஓட்டுறாரு?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஏனென்றால் தரை இறங்கும்போது பெரும்பாலும் சார்தான் ஓட்டினார்.

எனக்கு இறங்க வரவில்லை. தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்து, அது தானாகத் தரையைத் தொட விட வேண்டும். நான் தென்னை மர உயரத்திலேயே தூக்கிவிடுவேன். விமானம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொத்தென்று விழும். விழுந்து எழும்பும், மறுபடி விழும். பயிற்றுநர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. தமிழில் திட்டியது புரியாமல் போய்விடுமோ என்று அதையே ஆங்கிலத்திலும் ஒரு முறை திட்டுவார். ஒருநாள் திட்டவில்லை. இறங்கி நின்றதும் அமைதியாகக் கேட்டார்: "இதை எத்தனை லேண்டிங்னு எழுதட்டும்? ஒண்ணா, மூணா?"

என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியே பறக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து இறங்கிப் பழகினேன். சுவரில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கடைசியில் இறங்குவது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் கண்ணை முன்னால் இருந்த தரையிலிருந்து எடுத்து, ஓடுதளத்தின் கடைசி முனையில் வைத்துப் பார்த்தேன். விமானம் எழும்பாமல் இறங்கியது. அடுத்த முறையும் அப்படியே. "காற்று மட்டும் சரியா இருந்தா நாளைக்கு சோலோ" என்றார் பயிற்றுநர்.

காற்று சரியாக இல்லை. ஓடுதளத்துக்குக் குறுக்கே அடித்தது. முதல் தடவை தனியாகப் போகிறவரை அப்படிப்பட்ட காற்றில் விட மாட்டார்கள். அம்மா போனில் கேட்டபோது, "கிராஸ் விண்ட் அடிக்குதும்மா. அது நின்னாத்தான் விடுவாங்க" என்றேன். அம்மா அதை அப்படியே ஜெபக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். நிற்க வேண்டும் என்று சொன்னாளா, சொல்ல மறந்தாளா, இன்றுவரை அவளுக்கே நிச்சயமில்லை.

அடுத்த நாளும் காற்று நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் கொட்டகைத் தகரம் ஆடியது. அந்த வாரம் முழுக்கக் கயிறு போட்டுக் கட்டிய விமானங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"இப்ப எப்படிடி இருக்கு? ஆன்ட்டி ஒனக்காக தெனமும் ஜெபிக்கிறாங்க. அழுதுல்ல ஜெபிச்சாங்க."

"என்னன்னும்மா ஜெபிச்சாங்க?"

"இந்தப் பிள்ளை மேல சிலுவைக் காற்று பலமா வீசட்டும் ஆண்டவரேன்னு."

கயிறு போட்டுக் கட்டிய விமானங்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா, கிராஸ்னா சிலுவை இல்ல. குறுக்க அடிக்கிற காத்து! மொதல்ல அந்த ஜெபத்த நிறுத்தச் சொல்லு!"

"ஐயையோ," என்றாள் அம்மா. "கூட்டம் முழுக்க ஆமென் சொல்லிட்டாங்களே."

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் செய்து ஜெபித்தார்களாம். திங்களன்று காற்று அடங்கியது. வானிலைப் படத்தை வைத்து அதற்கு நான் காரணம் சொல்ல முடியும். ஆனால் சபையில் சொல்லிப் பயனில்லை.

அன்று காலை சில சுற்றுகள் போய் இறங்கியதும் பயிற்றுநர் பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்தார். "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொட்டகையை நோக்கி நடந்தார். அவர் எடை குறைந்ததில் விமானம் எகிறிக் கிளம்பியது. மேலே போன பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலி. திட்ட ஆளில்லாத அந்த அமைதியில் எனக்குப் பயத்துக்குப் பதில் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். சுற்றி வந்து இறங்கினேன். ஒரே லேண்டிங்தான்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் சோலோ போயிட்டேம்மா! தனியா!"

"தனியான்னா? சார் எங்க இருந்தாரு?"

"கீழ."

"கீழயா? யாருமில்லாம ஒத்தையிலயா ஒன்ன மேல விட்டாரு? அம்புட்டு அசால்டா? அவருகிட்ட போனக் குடு!"

சோலோ என்றால் ஏதோ பரீட்சை என்று இத்தனை மாதம் நினைத்திருக்கிறாள். நான் போனைக் கொடுக்கவில்லை.

அடுத்த கட்டத்தின் பெயர் கிராஸ் கன்ட்ரி. வேறு ஊர் வரை பறந்து திரும்புவது. அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை.

ஒன்றரை வருடப் படிப்பு எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதாக வதந்தி வரும், பிறகு அது அடங்கும். சும்மா இருக்க வேண்டாம் என்று அதே பள்ளியில் புதியவர்களுக்கு வானிலைப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எழுத்துத் தேர்வுக்கு டெல்லிக்குக் கூப்பிட்டது. மதுரையிலிருந்து சென்னை போய் விமானம் மாற வேண்டும். பக்கத்து சீட்டில் மகளைப் பார்க்கப் போகும் ஒரு அண்ணன். விமானம் கிளம்பியதும் அடியில் கடகடவென்று சத்தம். அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. டயரு உள்ள போற சத்தம்."

மேகத்தில் குலுங்கியது. "இது சும்மா காத்துதாண்ணே" என்றேன். விமானம் சாய்ந்து திரும்பும் முன்பே திரும்பப் போகிறது என்று சொன்னேன். அவருக்கு என் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது.

"அடிக்கடி போவீங்களோ தங்கச்சி?"

"இப்படிச் சீட்டுல உக்காந்து போறது இதான் மொதத் தடவ."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதன் பிறகு குலுங்கும்போதெல்லாம் ஏர் ஹோஸ்டஸையே கூப்பிட்டுக் கேட்டார்.

தேர்வில் தேறிவிட்டேன். அடுத்து சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். நாள் பிறகு சொல்வார்களாம். அதற்குள் அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார்.