ஈ பக்கம்

"சுத்துது… சுத்துது… இரு, வந்துடும்" என்று கைப்பேசிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே, சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் காலைப் பேருந்தில் இடதுபக்கச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் ஜெயராணி டீச்சர். இடதுபக்கம்தான் சிக்னல் நன்றாக வருமாம். இரண்டு பக்கமும் ஒரே சிக்னல்தான் என்று நடத்துனர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். "ஒங்களுக்கு டிக்கெட்டப் பத்தித் தெரியும், எனக்கு டவரப் பத்தித் தெரியும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் டீச்சர். இப்போது நடத்துனரே அந்த இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறார்.

கிள்ளையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில், ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். தோளில் ஒரு பை. பைக்குள் இன்னொரு பை. அதற்குள் சார்ஜர், பவர் பேங்க், நாலு தினுசு ஒயர், கூடவே ஒரு சாக்பீஸ் பெட்டி. இவ்வளவு இருக்கும்போது சாக்பீஸ் எதற்கு என்று கேட்டால், "கரண்ட் போச்சுன்னா?" என்பார். கரண்ட் போகத்தான் செய்கிறது.

கைப்பேசித் திரையில் எதுவும் இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சொல் அவர் நாக்கில் குடியேறிவிட்டது. உலகத்தில் இன்னும் முடியாத காரியமெல்லாம் அவருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் காரியம்தான். மகளுக்கு வரன் அமைந்ததா? "சுத்துது." பதவி உயர்வு? "அது ரொம்ப நாளா சுத்துது." அடுப்பில் பருப்பு வேகாவிட்டாலும் சுத்துதுதான். கடலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கணவர் சார்லஸ், பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு தலையே சுத்துது ராணி, சோத்தப் போடு" என்பார்.

திங்கட்கிழமை என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் கூட லீவு போடுவதில்லை. டீச்சர் அன்றைக்குக் கைப்பேசியில் புதிதாக ஏதாவது இறக்கிக்கொண்டு வருவார். ஒரு வாரம் இதயத்தின் படம் வந்தது. விரலால் தொட்டால் திரும்பும் என்றார். தொட்டதும் அது ராட்டினம் போலச் சுழன்றதில் முன்வரிசைப் பையனுக்குக் குமட்டல் வந்துவிட்டது. இன்னொரு வாரம், பேசினால் எழுதிக்கொள்ளும் செயலி. "ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும்?" என்று டீச்சர் கணீரென்று கேட்டார். "ஒளிஞ்சிக்க எப்படி நடக்கும்" என்று அது எழுதிக் காட்டியது. அன்று பிற்பகல் முழுதும் பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்த்தாலும் யாரையாவது "ஒளிஞ்சிக்க, ஒளிஞ்சிக்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவோடும் அவருக்கு நித்தம் வழக்குண்டு. குளிரைப் பற்றிக் கேட்டால் அது பனிமனிதனைக் கொண்டுவந்து நிறுத்தும். "இந்தாப்பா, எங்க ஊரு புள்ளைங்க பனிய எங்க பாத்துச்சிங்க? ஐஸ் பெட்டியில போட்ட எறால வச்சி எழுது" என்று தட்டச்சு செய்வார். மரியாதையாக எழுதிக் கொடுக்கும். "சொன்னா கேக்குது, நல்ல புள்ள" என்று சான்றிதழும் கொடுத்துவிடுவார்.

இப்படி வந்ததில் நிலைத்து நின்றது அட்டைதான்.

கடலூரில் நடந்த ஒரு பயிற்சியில், தேநீர் இடைவேளையில், குடிகாட்டுப் பக்கம் வேலை பார்க்கும் மாலதி டீச்சர் காட்டிக் கொடுத்த வித்தை அது. பிள்ளைகளிடம் கைப்பேசி வேண்டாம். ஆளுக்கு ஒரு எண் போட்ட சதுர அட்டை போதும். அட்டையில் கறுப்புக் கட்டங்கள், ஒன்றில் இருப்பதுபோல் இன்னொன்றில் இராது. நாலு ஓரத்திலும் அ, ஆ, இ, ஈ. கேள்வி கேட்டதும், தனக்குத் தெரிந்த விடை மேல்பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். டீச்சர் கைப்பேசிக் கேமராவால் வகுப்பை ஒரு வீச்சு வீசினால் எந்த எண் என்ன விடை சொன்னது என்று வந்துவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கட்டத்தின் மேல் விரல் பட்டால் மட்டும் கேமரா திணறும். ஆகவே டீச்சரின் அறிவியல் வகுப்பைக் கடந்துபோகிற எவர் காதிலும் விழுவது இரண்டே சொல்: "வெரல எடு! வெரல எடு!"

சிதம்பரம் கீழவீதியில் அட்டைகளை லேமினேட் செய்து வாங்கினார். பிள்ளைகள் முப்பத்தொரு பேர். கூடுதலாக வந்த முப்பத்திரண்டாம் அட்டையைப் பாடப்புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகிக்கொண்டார்.

முதல் நாளே அது குட்டை உடைத்துவிட்டது. வெப்பம் பரவுவதைப் பற்றி அரைமணி நேரம் நடத்திவிட்டு, வழக்கம்போல் "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சிது டீச்ச்ச்சர்" என்று வகுப்பே ராகம் போட்டது. சரி, ஒரு கேள்வி போட்டுப் பார்ப்போம் என்று அட்டையைத் தூக்கச் சொன்னார். முப்பத்தொன்றில் ஒன்பது பேர் சரி. கைப்பேசிதான் கோளாறு என்று நினைத்து மறுபடி வீசினார். எட்டாகிவிட்டது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக எத்தனை ஆயிரம் "புரிஞ்சிது டீச்சர்" கேட்டிருப்பார்! அத்தனையும் பொய்யா? அன்று மாலை காப்பியைக் கூடத் தொடவில்லை. "என்னைய ஏமாத்தியிருக்குதுங்க சார்லஸ்" என்றார். சார்லஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஞாயித்துக்கெழம பூசையில சாமியார் சொல்றதுக்கெல்லாம் நீ ஆமென் சொல்றியே, எல்லாம் புரிஞ்சா சொல்ற?" என்றார். டீச்சருக்குச் சுருக்கென்றது. புரிந்ததா என்று கேட்டால் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்.

மறுநாளிலிருந்து எல்லாக் கேள்விக்கும் மூன்று விடைதான். நான்காவது, ஈ: 'எனக்குப் புரியல.' "ஈ காட்டுனா யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாருன்னு வெளிய சொல்லவும் மாட்டேன். இது சத்தியம்" என்று தலையில் கை வைத்துச் சொன்னார்.

மூன்று வாரம் ஆயிற்று. தப்பாகச் சொன்னார்கள், குருட்டாம்போக்கில் சொன்னார்கள். ஈ பக்கம் மட்டும் ஒருவரும் திருப்பவில்லை. டீச்சருக்கு அது ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு முறை, புரியவில்லை என்று தன்னிடம் சொல்லிவிட்டால் போதும். "இன்னிக்கும் ஒரு ஈ கூட வரல" என்று வீட்டில் புலம்புவார். "வீட்ட இவ்ளோ சுத்தமா வச்சிருந்தா எங்கேருந்து வரும்?" என்பார் சார்லஸ். ஒருநாள் பொறுக்காமல் வகுப்பிலேயே கேட்டுவிட்டார், ஏன்டா காட்டமாட்டேன் என்கிறீர்கள் என்று. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் ராஜ்கமல் எழுந்து, "நீங்க தொண்டத்தண்ணி வத்த நடத்துறீங்க. புரியலன்னா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல டீச்சர்?" என்றான். அந்த வாயாடி டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கடலூரிலிருந்து கல்வி அதிகாரி அட்டை வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பிடித்துப்போனால், சரியான விடையைப் பச்சையாகவும் மற்றதைச் சிவப்பாகவும் சுவரில் காட்ட இரவல் வாங்கியிருந்த புரொஜெக்டர் பள்ளிக்கே நிரந்தரமாகிவிடும். தலைமையாசிரியர் தேவநாதன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "டீச்சர், கேள்விய முன்னாடியே சொல்லிக் குடுத்துடுங்க. செவுத்துல எல்லாம் பச்சையா வரணும். அப்புறம் அந்த ஈ… அன்னிக்கு ஒருநாள் மட்டும் எடுத்துடுங்களேன். பாக்கறதுக்கு நல்லா இருக்காது." டீச்சர் யோசித்தார். புரொஜெக்டர் மேல் அவருக்கும் ஆசைதான், லேசான ஆசையா! ஆனாலும், "கேள்விய சொல்ல மாட்டேன் சார். ஈயும் இருக்கட்டும். மூணு வாரமா வராதது அன்னிக்கா வந்து மொய்க்கப் போவுது?" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

டீச்சர் சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன? பிள்ளைகள் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். ராஜ்கமல் நெற்றியைத் தொட்டால் அ, மூக்கைத் தொட்டால் ஆ, காதைத் தொட்டால் இ. டீச்சர் மானம் போகக்கூடாது என்று அத்தனை பேரும் ஒரே கட்டு.

அதிகாரி அம்மா வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஓதத்தைப் பற்றிப் பாடம். கடல் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் நிலா இழுப்பதால் என்று டீச்சர் பந்தை வைத்தும் பாத்திரத்தை வைத்தும் அழகாக நடத்தினார். சுவரில் கேள்வி விழுந்தது: கடல் நீர் ஏறி இறங்க முக்கியக் காரணம் என்ன? அ, காற்று. ஆ, நிலா. இ, மழை. ஈ, எனக்குப் புரியல. ராஜ்கமல் மூக்கைத் தொட்டான். சந்தேகத்துக்கு இடமில்லாதபடி நன்றாகவே பிடித்துக்கொண்டான். அட்டைகள் எழுந்தன. "வெரல எடு!" டீச்சர் கைப்பேசியை வீசினார். சுவரில் பச்சை, பச்சை, பச்சையாக விழுந்துகொண்டே வந்தது. முப்பது பச்சை. கடைசியில் ஒரு சிவப்பு. பத்தொன்பதாம் எண்ணுக்கு நேரே 'ஈ' என்று இருந்தது.

தேவநாதன் சார் முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சருக்கோ உள்ளே ஒரு குதி குதித்தது. வந்துவிட்டது! மூன்று வாரத் தவம், வந்த நாளைப் பார்!

"பத்தொம்பது யாரு?" என்றார் அதிகாரி.

"மன்னிக்கணும் மேடம். சொல்ல மாட்டேன்னு புள்ளைங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். தேவநாதன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் வரிசையில் அனுப்பிரியா தானே எழுந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத பெண். அப்பாவோடு படகில் போகிறவள். "நான்தான் டீச்சர். ஆன்னுதான் காட்டணும்னு தெரியும். ஆனா புரியல."

"என்னம்மா புரியல?"

"நெலா மேல இருக்கறப்ப தண்ணி ஏறுது, சரி. அது பூமிக்கு அந்தாண்ட போயிட்ட நேரத்துலயும் ஏறுதே? எங்கப்பா பாத்துதான் படவ எடுப்பாரு. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி ஏறும், ரெண்டு வாட்டி வத்தும். ஒரே நெலா எப்படி டீச்சர் ரெண்டு வாட்டி இழுக்கும்?"

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடலோரத்தில்தான் டீச்சர் இந்தப் பாடத்தை நடத்துகிறார். ஒருநாளும் இது தோன்றியதில்லை. அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தேவநாதன் சாரைப் பார்த்தார். தேவநாதன் சார் மின்விசிறியைப் பார்த்தபடி, "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும், ஒக்காரு" என்றார்.

"நில்லு அனு, ஒக்காராத" என்றார் டீச்சர்.

கைப்பேசியை மேசைமேல் வைத்தார். பாடப்புத்தகத்தைப் பிரித்து, அடையாளத்துக்குச் செருகியிருந்த முப்பத்திரண்டாம் அட்டையை உருவினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, ஈ மேலே வரும்படி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். ராஜ்கமலின் கை மூக்கிலிருந்து கீழே இறங்கியது.

"டீச்சர்" என்றாள் அனுப்பிரியா மெதுவாக. "வெரலு."

டீச்சர் அண்ணாந்து பார்த்து, கறுப்புக் கட்டத்தின் மேலிருந்த கட்டைவிரலை நகர்த்திக்கொண்டார்.