பரீதா டீச்சரின் இரண்டு வோட்டு

பட்ஜெட் வாக்கெடுப்புக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது நண்பகல் தொழுகையான ளுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். சபைத் தலைவரான தவிசாளர் கூட்டத்தை நிறுத்தினார். உறுப்பினர்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மண்டபத்தில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கரையோரப் பிரதேச சபை ஒன்றில் காரியாலய உதவியாளர். சபையின் பெயர் வேண்டாம். பாலாவிச் சந்தியில் பஸ் மாறி வரவேண்டிய ஊர். மண்டபம் திறப்பது, மைக் வைப்பது, தேத்தண்ணி கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆளும் கட்சி சிறியது. சாதாரண சனத்தின் கட்சி என்று சொல்லி, பழைய முதலாளிமாரைத் தோற்கடித்து வந்தது. பாலர் பாடசாலை நடத்திய பரீதா டீச்சரையும், கத்தோலிக்க மீனவரான ஜெரோமையும் சபைக்குக் கொண்டுவந்ததும் அதே கட்சிதான். ஆனால் எதிர்ப்பக்கத்தைவிட அதற்கு ஒரே ஒரு வோட்டுத்தான் கூட. பட்ஜெட் ஒரு தடவை தோற்றால் திருத்திக் கொண்டுவரலாம். இரண்டாவது தடவையும் தோற்றால் தவிசாளரின் பதவி போய்விடும்.

அந்த பட்ஜெட்டில் ஒரு சிக்கல் இருந்தது. மீனவர்கள் தோணி இழுக்கும் துறையை ஒரு ஹோட்டலுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்தில் தொண்ணூறில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடியிருப்புகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுவது என்று எழுதியிருந்தார்கள். நானும் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறேன். எங்கள் கிணறு உப்பு.

தேத்தண்ணி அறை

எங்கள் சபைக் கட்டடத்தில் பெண்கள் தொழ இடமில்லை. டீச்சர் தேத்தண்ணி அறையில்தான் தொழுவார். நான் வெளியே வந்து நிற்பேன். ஜெரோமுக்குப் பள்ளிக்குப் போகும் வேலை இல்லை. அதனால் ளுஹர் நேரத்தில் கட்டடத்தில் மிஞ்சுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அன்று டீச்சர் தொழுது முடித்ததும் ஜெரோம் உள்ளே போனார்.

“டீச்சர், செயர்மன் என்னைக் கதைக்கச் சொன்னவர். உள்ளுக்கு இருந்தாத்தான் நாங்க எதையும் மாத்தலாம். வெளிய போனா ஆர் எங்களைக் கணக்கெடுப்பினம்?”

“ஜெரோம் தம்பி, உங்கட தோணி எங்க நிக்கிது?”

“துறையிலதான்.”

“அடுத்த வருசம்?”

ஜெரோம், “கட்சி முடிவெடுத்திட்டுது, டீச்சர்” என்றார்.

“எங்க வெச்சி எடுத்த முடிவு?”

“பள்ளி விறாந்தையில. ராவு இஷா தொழுதிட்டு இருந்து கதைச்சவங்களாம்.”

“நான் அங்க வரேலுமா? நீங்க வந்தீங்களா?”

“எனக்கும் அடுத்த நாள்தான் சொன்னவங்க.”

“அப்ப அது கட்சி முடிவில்ல தம்பி. தொழுகைக்கு வந்தவங்கட முடிவு.”

ஜெரோம் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே முகம் வாடிவிட்டது.

வாக்கெடுப்பில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டு ஆதரவு என்றார். டீச்சர் எழுந்து நின்று, “துறைக் குத்தகையை எடுத்தா ஆதரவு. இப்ப எதிர்ப்பு” என்றார். பட்ஜெட் ஒரு வோட்டால் தோற்றது.

எதிர்ப்பக்கத் தலைவர் ஐஸ் ஆலை முதலாளி. அவர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். “பரீதா டீச்சர், நல்ல வேலை செஞ்சீங்க. இனி நம்மட ஆள்.”

“முதலாளி, துறையைக் குத்தகைக்குக் கேட்டு முதல் ஆள் அனுப்பினதே நீங்கதான். உங்களுக்காக நான் வோட் போடல்ல. உங்கட இடத்தில போய் இருங்க.”

அவர் போய் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை

அந்தக் கிழமையே கட்சி டீச்சரை விலக்கியது. கட்சி விலக்கினால் சபை உறுப்பினர் பதவியும் போய்விடும். ஆனால் அது தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ப் பதவி இல்லாமல் போகச் சில கிழமை எடுக்கும். அதுவரை அவருக்கு வோட்டு உண்டு.

தவிசாளர் மோசமான மனிதர் அல்ல. பதவி போனால் சபை மறுபடியும் முதலாளி கைக்குப் போகும் என்பதுதான் அவருடைய பயம். அவர் துறைக் குத்தகையை எடுத்துவிட்டார். கட்சிக் கூட்டத்தை இம்முறை சபை மண்டபத்தில், பகல் நேரத்தில் வைத்தார். ஜெரோமை முதல் வரிசையில் இருத்தினார். டீச்சரைக் கூப்பிட அவருக்கு வழியில்லை. விலக்கியாகிவிட்டதே.

இரண்டாவது வாக்கெடுப்பன்று ஜெரோம் மறுபடியும் தேத்தண்ணி அறைக்கு வந்தார்.

“டீச்சர், முதலாளி உப தவிசாளர் பதவி தாறன் எண்டவராம். அது வேணாம். ஆனா செயர்மனிட்டக் கேளுங்க. விலக்கினதை வாபஸ் எடுத்தா வோட் எண்டு சொல்லுங்க. இண்டைக்கு அவர் எதுக்கும் ஓம் எண்டுவார்.”

டீச்சர் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நான் கேட்டது துறையை. அது கிடைச்சிட்டு. இனி என்ட கதிரையையும் கேட்டா, முதல் போட்ட வோட்டும் கதிரைக்குத்தான் எண்டு ஆகிடும்.”

“நீங்க இல்லாம நான் தனியா என்ன செய்ய, டீச்சர்?”

“முதல்ல குனியாம நிண்டு வோட் போடுங்க, தம்பி.”

பெயர் கூப்பிட்டபோது டீச்சர் ஆதரவு என்று மட்டும் சொன்னார். பட்ஜெட் ஒரு வோட்டால் நிறைவேறியது. தவிசாளர் செயலாளரைப் பார்த்து, அடுத்த விசயம் என்ன என்று கேட்டார். நன்றி சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் டீச்சரின் பதவி போனது.

குத்தகை இல்லாததால் குழாய் பாதி வழியில் நிற்கிறது. எங்கள் தெருவுக்கு இன்றைக்கும் பவுசர் லொறியில்தான் தண்ணீர் வருகிறது. குடம் தூக்கும்போது என் மனைவி டீச்சரைத் திட்டுவாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துறையில் தோணிகள் நிற்கின்றன. அதுவும் நியாயம்தான்.

சபை வேலைக்கு வருகிறவர்கள் பலவிதமான ஆட்களைப் பார்ப்பீர்கள். கட்சிக்காக எதற்கும் கை தூக்குகிறவர்கள் இருப்பார்கள். கட்சியை உதறிவிட்டு அடுத்த பக்கத்தில் போய் உட்காருகிறவர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் ஆள் கிடைக்கும். ஒரு வோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்டு, அது கிடைத்ததும் நிறுத்திக்கொண்ட ஒருவரை நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.