மிஸ்டர் இஞ்சாரு

புருசனின் பெயரை வாயால் சொல்லத் தெரியாததால்தான் என் கலியாணம் முறிந்தது என்று அவருடைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். முழுப் பொய்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம். என் கணவர் திருகோணமலைக் கோட்டில் வழக்குப் பேசும் பெயர்போன பிரக்கிராசி. ஓர்ஸ் ஹில்லில் வீடு, கார், கிராமபோன் எல்லாம் இருந்தன. துறைமுகத்து வெள்ளைக்காரரின் கிளப்பில் சேர்க்கவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. அதற்காக வீட்டில் 'ஓம்' என்று சொல்லத் தடை. 'யெஸ்' என்றுதான் சொல்லவேண்டும். குசினியில் மீன் பொரித்தால் ஓடிவந்து யன்னலைச் சாத்துவார்.

ஒரு கப்பல் துரையின் வீட்டு விருந்துக்கு என்னையும் கூட்டிப்போனார். துரைசாணி நல்ல மனுசி. உன் கணவரை எப்படிக் கூப்பிடுவாய் என்று இங்கிலீசில் கேட்டாள். நான் கொன்வென்டில் படித்தவள், கேள்வி விளங்கியது. எங்கள் பெண்கள் எல்லாரும் எப்படிக் கூப்பிடுவார்களோ அதைச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ."

இங்கே பாருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அவள் பெயர் என்று நினைத்துவிட்டாள். நீளம் கூடிப்போனதோ என்னவோ, வாலை வெட்டிவிட்டு, புல்தரையின் அந்தக் கரையில் நின்றவரை "மிஸ்டர் இஞ்சாரு" என்று கூப்பிட்டாள். அவர் உடனே திரும்பினார். பழகின காது, வேறென்ன செய்யும்? திருத்தவும் அவருக்குப் பயம். கிளப்பில் அந்தப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து கதிரையை உதைத்தார். இனித் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்றார். முயன்று பார்த்தேன். முதல் எழுத்து வரும்; மிச்சம் தொண்டையில் நின்றுவிடும். இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்டார், மடையன். பிறகு என்னை வெளியே கூட்டிப்போவதை விட்டார். மேசையில் கதைப்பதையும் விட்டார். நான் இவருக்கு மனைவியா, அலுமாரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதைத் தீர்த்துவைத்தவன் யப்பான்காரன். துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் சனம் காட்டுப் பக்கம் ஓடியது. நான் பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். காரின் முன் சீட்டில் கிராமபோன். பின் சீட்டில், துரைசாணி பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன நாய், காலை நீட்டிப் படுத்திருந்தது.

"நாய்க்கு நடக்க ஏலாது," என்றார். "நீர் பின்னாலை நடந்து வாரும்."

அப்போதுதான் என் தொண்டை திறந்தது. அவருடைய பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, றோட்டில் ஓடிய சனமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"ஓம்," என்றார் அவர். யெஸ் மறந்துபோயிற்று.

"நீங்கள் நாயோடை போங்கோ. நான் எங்கடை வீட்டை போறன்."

சாம்பல்தீவுக்கு நடந்தே போனேன். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

சனமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அவர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். நாய் இல்லை, துரைசாணி திருப்பி எடுத்துவிட்டாளாம். பெயர் பெயர் என்று என்னை வதைத்த மனுசன் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"இஞ்சாரும்," என்று கூப்பிட்டார்.

நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். யன்னல் திறந்துதான் இருந்தது.

"அப்பிடி ஒரு ஆள் இங்கை இல்லை," என்றேன்.