விட்டுக்கொடுத்த டோக்கன்

முதல் நாளே போன் செய்து டோக்கன் பதிந்து, நெஞ்சு எரிகிறது என்ற என் வீட்டுக்காரரைத் தேவாரத்திலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் முறை வரும் நேரத்தில் ஒரு பெண் வந்து, "அண்ணே, கடமலைக்குண்டு பஸ் போயிரும்ணே" என்றார். இவர் உடனே டோக்கனை மாற்றிக்கொண்டார்.

"நமக்கு வெறும் வாயுத்தொல்லதேன். அவுக பஸ்ஸ விட்டா எப்படிப் போவாக?"

அடுத்து, கைக்குழந்தையோடு வந்தவருக்கும் விட்டுக்கொடுத்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டை நனைய வியர்த்து என் தோளில் சாய்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் பிழைத்தார்.

இப்போதெல்லாம் டோக்கனை என் பர்சுக்குள் வைத்துக்கொள்கிறேன். போன வாரமும் ஒருவர் வந்து கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.