சோலார் பக்கத்தில் அப்பா

வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் அவரைப் பார்த்தேன். பேர் கேட்கத் தோன்றவில்லை. ஒல்லியான உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். திரையில் பக்கம் திறக்கும் வரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். இரண்டு பொத்தான்கள் ஏற்கெனவே போய், அங்கே ஊக்கு குத்தியிருந்தது.

அரசு மானியம் வந்துவிடும் என்று நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து மாடியில் சோலார் போட்டிருந்தார். விண்ணப்பமோ திரும்பத் திரும்பத் தள்ளுபடி ஆனது.

"கரண்ட் கனெக்‌ஷன் யார் பேர்லங்க இருக்கு?" என்றாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்.

"அப்பா பேர்லம்மா. அவர் தவறி ரொம்ப வருஷமாச்சு. பேர் மாத்த லேட்டாகும், முன்னாடியே விண்ணப்பம் போட்டா சீக்கிரம் மானியம் வரும்னு சோலார் மாட்டினவங்க சொன்னாங்க. அவசரப்பட்டு அவர் பேர்லயே போட்டுட்டேன்."

"சோலார் பக்கத்துல ஓனர் நிக்கிற போட்டோ கேக்குதுங்களே."

"அதான் அனுப்பிட்டேனே" என்று போனை நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். மொட்டை மாடி, பின்னால் மலை. பளபளக்கும் தகடுகளுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். சட்டம் போட்ட அப்பா படத்தை மார்போடு பிடித்திருக்கிறார். படத்தில் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொத்தானைத் திருகியபடி அவரே கேட்டார்:

"மாலையைக் கழட்டிட்டு எடுத்தா ஒத்துக்குமாம்மா?"

இப்போதும் எந்த மாடியில் சோலார் மின்னினாலும், அந்த மாலையை அவர் கழற்றினாரா என்றுதான் நினைக்கிறேன்.