நாற்பத்தொன்றாவது ஸ்பேனர்

ஆதிகேசவன் சாரோடு பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. விமானப்படையில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்தவர். வாலாஜாபாத் ரோட்டில் அவர் போட்டிருக்கும் கொட்டகையின் சுவரில் நாற்பது கருவிகள் தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைச் சிவப்புப் பெயின்ட்டில் வரைந்திருப்பார். வேலை முடிந்ததும் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் கேட்டைப் பூட்டிவிடுவார். கிடைக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. இன்ஜினுக்குள் விழுந்திருந்தால் மேலே பறக்கிறவன் கதி என்ன என்பார்.

போன வருடம் பெங்களூர்க்காரர் ஒருவரின் பழைய விமான இன்ஜின் அவரிடம் வந்தது. ஒன்பது சிலிண்டர்கள், நடுவிலிருந்து வட்டமாக விரிந்து நிற்கும். சிலிண்டர் அடியில் இருக்கும் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் நுழையாது. அதற்கென்றே வளைந்த ஸ்பேனர் ஒன்று உண்டாம். எட்டு மாதம் எங்கெங்கோ தேடி அலுத்து, லேத் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் வந்தார். ஆறு செய்தேன், ஆறையும் வேண்டாமென்று தள்ளினார். மனுசனா இவர் என்று திட்டிக்கொண்டே ஏழாவதைச் செய்தேன். நட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் முத்துக்குமாரு!" என்றார். சுவரில் அதை நாற்பத்தொன்றாவதாக மாட்டி, பின்னால் சிவப்பில் உருவமும் வரைந்தார். முப்பது வருடத் தொழிலில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கிறுக்கில்தான், ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் அவர் எண்ணி முடித்த பிறகு, சொல்லாமல் அதை எடுத்துப் போய் என் பட்டறையில் சாமி முன்னால் வைத்தேன். பூஜை முடிந்ததும் திருப்பி மாட்டிவிடலாம் என்று நினைப்பு. வேலை முடிந்த இன்ஜினைப் பெங்களூருக்கு ஏற்றிப்போகும் பாழாய்ப்போன லாரி பூஜையன்றே வந்து நின்றது. இன்ஜினைத் தூக்கிவிட என்னைக் கூப்பிட்டார். இன்ஜின் சரியாக இருக்கிறது என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் எண்ணினார். நாற்பது.

"ஒண்ணு தேறலபா. யாரும் வெளிய போவாதீங்க." கேட்டைப் பூட்டினார்.

"சார், வீட்டாண்ட போய்ட்டு அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்."

"கெடைச்சதும் போலாம்."

சிலிண்டர் இடுக்குகளில் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். சொன்னால் திருட்டுப் பட்டம். சொல்லாவிட்டால் அவருடைய ஒரு வருட உழைப்பு நாசம். கடைசியில் பெங்களூர்க்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"என்னால கையெழுத்து போட முடியாது. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

"சார், நான்தான் எடுத்தேன். பட்டறையில சாமி முன்னால இருக்கு."

அவர் கேட்டைத் திறந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பட்டறையில் ஸ்பேனர் சந்தனமும் குங்குமமுமாக முன்வரிசையில் இருந்தது. என் மனைவி துர்கா பதறிப்போய், "பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார்" என்றாள்.

"எடுக்க வேணாம்மா. கண்ணால பாத்துட்டேன், போதும்."

திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். லாரி போனது.

மறுநாள் காலையில் ஸ்பேனரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் அதன் சிவப்பு உருவத்தின் மேல் வெள்ளை பூசியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"அத நீயே வெச்சுக்கபா. நான் வேற தேடிக்கறேன்."

"சார், தெரியாம பண்ணிட்டேன் சார்."

அவர் என் எதிரிலேயே எண்ணினார். நாற்பது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.